நடுவில் உட்கார ஒரு நாய்

பொத்தான் செத்துப்போன அன்று காலையில் லாண்டரியம்மா உடனே அழவில்லை. அழுவதற்கு முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. மாடியில் சவரம் செய்துகொண்டிருந்த புருஷனைக் கீழே கூப்பிட வேண்டும். அவரைக் கூப்பிடும் வேலையைச் செய்துவந்த பொத்தானோ இஸ்திரி மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. லாண்டரியம்மாவும் லாண்டரிக்காரரும் ஒன்பது வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கீழே கடை, மேலே குடித்தனம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கட்டில்கூடத்தான். சண்டை என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள், சண்டை போட்டால் பேச வேண்டி வருமே. சொல்ல வேண்டியது எதுவானாலும் நாயிடம் சொல்வார்கள்.

"பொத்தானே, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பொத்தானே, இந்தக் கோட்டுக் காலர்ல கறை அப்படியே இருக்கு, இன்னொரு தரம் ஊறப் போடணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"கறை போகலன்னா அது தேய்ச்ச கையோட லட்சணம்னு உங்கப்பாகிட்ட சொல்லுடா."

பொத்தான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இவரைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்வான். எவ்வளவு சூடான சமாச்சாரமும் அவன் வழியாகப் போனால் ஆறிவிடும். நாயைப் பார்த்து எத்தனை நேரம்தான் பல்லைக் கடிக்க முடியும்? இப்படியே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள், புது பாய்லர் வாங்கினார்கள். எல்லாம் நாயின் தலைமையில்தான் நடந்தது.

இதெல்லாம் ஆரம்பித்த கதை சின்னது. பாய்லர் சூட்டில் கழுத்தெல்லாம் வெந்து போகிறது என்று லாண்டரியம்மா ஒருநாள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்லாவில் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தன் கால்சட்டைக்காகக் காத்திருந்தார். லாண்டரிக்காரர் பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புதுசா ஒரு தம்பியை வேலைக்கு வச்சிருக்கேன் சார்" என்றார். ஹெட்மாஸ்டர் சிரித்தார், இவரும் சிரித்தார். லாண்டரியம்மா கையில் இருந்த ஹேங்கரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நான் உங்களோட பேசினா என்னைச் செருப்பால அடிங்க" என்றாள். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அவர். இது ஒரு காரணமா என்று கேட்கிறவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.

அதே வாரம்தான் ஓட்டலிலிருந்து வந்த அழுக்கு மூட்டைக்குள் துண்டோடு துண்டாக ஒரு நாய்க்குட்டி கிடந்தது. வந்த அன்றைக்கே மூன்று கோட்டுப் பொத்தானை விழுங்கியதால் அந்தப் பெயர். என்ன இனம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முன்பாதி ஒரு சாதி, பின்பாதி வேறு சாதி, வால் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவன் வந்து நடுவில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி மனிதக் குரல் கேட்டது.

அவன்தான் இப்போது மேஜைக்கு அடியில் விறைத்துக் கிடந்தான். லாண்டரியம்மா மாடிப்படியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் போய் வாடிக்கையாளர்களுக்காகக் கல்லாவில் வைத்திருக்கும் மணியை அழுத்தினாள். ஒரு தரம் அழுத்தினால் போதாது என்று தோன்றி, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்று பாதி முகத்தில் நுரையோடு லாண்டரிக்காரர் இறங்கி வந்தார். கடையில் ஒரு சாரும் இல்லை. பெண்டாட்டி கைகாட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், அப்போதுதான் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் செத்த நாயின் முதுகைத் தடவிக்கொண்டே, "டேய், உங்கம்மாவை அழ வேணாம்னு சொல்லுடா" என்றார்.

அதுதான் பொத்தான் மூலமாக வந்த கடைசிச் செய்தி.

அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டை வேண்டுமென்றே தடால் என்று வைத்தாள், அவர் புரிந்துகொண்டு வந்தார். வேன் சாவியைக் காணவில்லை என்று அவர் பெட்டி பெட்டியாகத் திறந்து மூடினார், அவள் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தாள். இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒருநாள் சாயங்காலம் திரைச்சீலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது லாண்டரியம்மாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பாய்லர் பக்கம் எப்போதும் ஈரம். வழுக்கி விழுந்தால் கல்லா மணிவரை யார் எழுந்து போவது? அதைவிட, மாடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அவர் என்ன செய்வார்? வறட்டுக் கௌரவம் பிடித்த மனுஷன், சாகும்போதுகூடக் கூப்பிட மாட்டார். பொத்தான் போன துக்கத்தைவிட இந்தப் பயம் அவளை அதிகமாகப் படுத்தியது. நாமே முதலில் பேசிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஹெட்மாஸ்டரின் சிரிப்பு ஞாபகம் வந்தது, திரைச்சீலையை ஓங்கி உதறினாள்.

புது நாய் ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் எந்த நாய் என்று முடிவு செய்ய இருவரும் பேச வேண்டும், பேச வேண்டுமென்றால் ஒரு நாய் வேண்டும். இந்த முடிச்சை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது?

முதலில் மகளைப் பிடித்தார்கள். மகள் வேறு ஊரில் பல் டாக்டர். லாண்டரியம்மா போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து இஸ்திரி மேஜைமேல் வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு எந்த மாதிரி நாய் வேணும்னு கேளும்மா."

"உங்கம்மா முதல்ல சொல்லட்டும்னு சொல்லும்மா" என்றார் அவர், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே நிக்கிறீங்க?" என்றாள் மகள். "இதோ பாருங்க, நான் ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல்லைத் துளைச்சிட்டு இருக்கேன். பாவம், அவர் வாயைத் திறந்துட்டு நம்ம வீட்டு வண்டவாளத்தை எல்லாம் கேட்டுட்டு இருக்காரு. நான் உங்க பொண்ணு, நாய் இல்ல. சீக்கிரம் ஒண்ணை வாங்கித் தொலைங்க." போனை வைத்துவிட்டாள்.

அடுத்து லாண்டரியம்மா கண்ணாடி ஜன்னலில் கோட்டு மாட்டி வைத்திருந்த பொம்மையை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினாள். கழுத்தோடு நின்றுபோன பொம்மை, தலை கிடையாது.

"முடி கொட்டாத நாயா இருந்தா நல்லதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. பூடில்னு ஒண்ணு இருக்காம். பொத்தான் கொட்டின முடியைக் கறுப்புக் கோட்டுலேர்ந்து பிரஷ் போட்டே என் மணிக்கட்டு போச்சு."

லாண்டரிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையில்லாதவனிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்து, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியிடம் திரும்பினார். "முடியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. ஒரு தரம் திறந்து பட்டது போதும்."

லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. பாய்லர் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்துவிட்டு, முகத்தைக் கடுகடு என்று ஆக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஜெர்மன் ஷெப்பர்ட் எப்படின்னு கேளு" என்றார் அவர் இஸ்திரிப் பெட்டியிடம். "கடைக்குக் காவலாவும் இருக்கும்."

"இங்க இருக்கிறது ஊரார் வீட்டு அழுக்குத் துணி. அதைத் திருட எவன் வரப் போறான்னு கேளு."

சட்டை வாங்க வந்த பாங்க் மேனேஜர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். புருஷன் இஸ்திரிப் பெட்டியோடு பேசுகிறார், பெண்டாட்டி தலையில்லாத பொம்மையோடு பேசுகிறாள். சட்டை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சத்தம் காட்டாமல் போய்விட்டார். அவர் நழுவிப் போவதைப் பார்த்துவிட்ட லாண்டரியம்மாவுக்கு மானம் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் டெலிவரி வேனில் ஏறினார்கள்.

நாய்ப் பண்ணை ஊருக்கு வெளியே இருந்தது. வழி நெடுக அவர் ஸ்டியரிங்கிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார், அவள் ஜன்னல் கண்ணாடியிடம் பதில் சொன்னாள். பண்ணையை நடத்துகிறவள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா. நாய்களோடு கத்திக் கத்தி, மனிதர்களிடமும் அதே சுருதியில்தான் பேசுவாள்.

"என்ன வேலைக்கு நாய் வேணும்? காவலுக்கா, குழந்தைங்க விளையாடவா, சும்மா மடியில வச்சுக்கவா?"

"நடுவுல உக்காரணும்" என்றாள் லாண்டரியம்மா.

"எதுக்கு நடுவுல?"

"எங்களுக்கு."

பண்ணைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லாண்டரியம்மா அவளையே தூது அனுப்பிப் பார்க்கலாம் என்று, "அவர் ஷெப்பர்டுதான் வேணும்னு அடம் பிடிச்சா, முதல்ல அதைக் கொண்டு வரட்டுமான்னு அவர்கிட்ட கேளுங்க" என்றாள். "அவர் உங்க முழங்கையை ஒட்டித்தானே நிக்கிறாரு, நீங்களே கேளுங்க" என்றாள் அவள். நல்ல பெண்மணிதான், ஆனால் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

முற்றத்தில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. புருஷன் ஒரு கோடி, பெண்டாட்டி மறு கோடி, நடுவில் ஒவ்வொரு நாயாக வரவேண்டும் என்று ஏற்பாடு. ஷெப்பர்ட் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. "நாளைக்கு ஓட்டல் துண்டு வருதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் லாண்டரிக்காரர். அது அவரைப் பார்த்தது, பிறகு லாண்டரியம்மாவைப் பார்த்து உறுமியது. வந்த நிமிஷத்திலேயே கட்சி சேர்ந்துவிட்டது, அது வேண்டாம். லாப்ரடார் அதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று வாலை ஆட்டி இருவர் கையையும் நக்கியது. இப்படிப்பட்டதை நம்பி ஒரு செய்தியைக் கொடுக்க முடியுமா? பக் நாய் விட்ட மூச்சில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. பீகிள் வாக்கியத்தின் பாதியில் ஏதோ வாசனை பிடித்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய்விட்டது, செய்தியும் அதோடு போயிற்று. டாஷண்டிடம் பேச இருவரும் இடுப்பு ஒடியக் குனிய வேண்டியிருந்தது, குனிந்த இடத்தில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. "அம்மா" என்றாள் அவள், "அப்பா" என்றார் அவர், இரண்டும் டாஷண்டைப் பார்த்துச் சொன்னதாகவே கணக்கு.

பூடில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. சுருட்டை முடி, ஒன்றுகூடக் கொட்டாது என்று பண்ணைக்காரம்மா சத்தியம் செய்தாள். ஆனால் லாண்டரிக்காரர் வாயைத் திறந்ததும் அது மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. லாண்டரியம்மாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. என் புருஷனை அலட்சியம் செய்வதற்கு நான் இருக்கிறேன், இது யார்?

எழுந்து கூண்டு வரிசையைச் சுற்றி வந்தார்கள். மூலைக் கூண்டில் ஒரு வெள்ளை நாய், உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி. லாண்டரியம்மா தொழில் கண்ணோடு பார்த்தாள். "பேனா மைக் கறை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், "இது போகாது."

"அதை விட்டுடுங்க" என்றாள் பண்ணைக்காரம்மா. "டால்மேஷன். இந்த இனத்துல சில சமயம் இப்படிப் பிறந்துடும். ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"காது கேக்காததை வச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது? எங்களுக்குக் காதுதான் முக்கியம்."

லாண்டரிக்காரர் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கம்பி வழியாக இரண்டு விரலை நீட்டினார். அது மோந்து பார்த்தது. "அவங்க கெடக்கறாங்கடா" என்றார் அதனிடம். "எங்க பொத்தானுக்கும்தான் கடைசி மூணு நாலு வருஷமா ஒண்ணும் கேக்கல. அதுக்காக அவனை நாங்க விட்டுட்டோமா?"

லாண்டரியம்மா நின்ற இடத்தில் நின்றாள். ஒருமுறை பாய்லர் வால்வு வெடித்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் தெருவுக்கு ஓடி வந்தார்கள், பொத்தான் தூக்கம் கலையவில்லை. என்ன தைரியம் பாருங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தாள். ஷட்டரைத் தூக்கும் சத்தத்துக்கு ஓடி வருவதை அவன் விட்டபோது, வயசாகிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்று நினைத்தாள். நாய்க்கு நிதானமாம்!

"கேக்கலையா?" என்றாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

லாண்டரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பண்ணைக்காரம்மா தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போயிருந்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாரைத் தேடறீங்க? உங்களைத்தான் கேக்கறேன்."

அவர் மெதுவாக எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "காதுல சீழ் வந்துதே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே. அன்னைக்கே சொல்லிட்டாரு. ரெண்டும் போயிடுச்சுன்னு."

"அதுக்கப்புறமும் பேசிட்டுத்தானே இருந்தீங்க? காலையில எழுந்ததுலேர்ந்து பொத்தானே பொத்தானேன்னு. மழை வருது, கொடியில துணி இருக்குன்னு சொல்லு. அந்த நீலப் புடவை உங்கம்மாவுக்கு நல்லா இருக்குன்னு சொல்லு. எல்லாம் அந்தச் செவிட்டு நாய்கிட்டயா சொன்னீங்க?"

"அவன்கிட்ட நான் எங்க சொன்னேன்?" என்றார் அவர்.

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா நீ அவன்கிட்ட பேசறதையும் நிறுத்தியிருப்பே. அப்புறம் நாள் பூரா அந்த வீட்டுல எனக்குக் கேக்கறதுக்கு என்ன இருக்கு? பாய்லர் சத்தமா?"

வெட்கமாக இருந்தது அவளுக்கு, பாவமாக இருந்தது, ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷம் அடைத்து வைத்த வாய். திறந்ததும் முதலில் வந்தது திட்டுதான்.

"வெக்கமா இல்ல? ரெண்டு பேரையும் பைத்தியமாக்கி வச்சிருக்கீங்க! ஒரு நாயை, அதுவும் செவிட்டு நாயை, எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டிருக்கேன். பாவம் அது தூங்கக்கூட விடாம! என்னை முட்டாளாக்கினதும் இல்லாம, அது செத்தப்புறம் ஊர்ல இருக்கிற நாயை எல்லாம் பெஞ்சுல உக்கார வச்சு இன்டர்வியூ வேற!"

லாண்டரிக்காரருக்கு நேருக்கு நேர் திட்டு வாங்கிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடுவில் நாய் இருந்தால் பாதி அதற்குப் போயிருக்கும். "பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம். ஆளை விடு" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பண்ணைக்காரம்மா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாய் வேணுமா வேணாமாம்மா? எனக்கு வேலை கெடக்கு."

"அந்த மைக்கறைக்காரனைக் கட்டிக் கொடுங்க."

"அதுக்குக் காது கேக்காதும்மா. சொன்னேனே."

"அவன் எதுக்குக் கேக்கணும்?" என்றாள் லாண்டரியம்மா. "அவன் பாட்டுக்குத் தூங்கட்டும்."

அதற்குள் லாண்டரிக்காரர் முற்றத்தைத் தாண்டிவிட்டார். சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கியிருந்தது, இஸ்திரி போடுகிறவர் சட்டை எப்போதும் அப்படித்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திவிட்டால் மறுபடி எத்தனை வருஷமோ. இங்கே அடிக்க மணி கிடையாது. லாண்டரியம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"என்னங்க!"

பண்ணை முழுக்கக் கேட்டது. ஷெப்பர்ட் எழுந்து நின்றது. வேலி ஓரத்துப் பீகிள் தலையைத் தூக்கியது. மூலைக் கூண்டில் இருந்தவன் மட்டும் தன் காலை நக்கிக்கொண்டிருந்தான்.

லாண்டரிக்காரர் வேன் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

"இன்னொரு தரம் கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டாள்.